கம்பெனி மாலை

முப்பத்தெட்டாவது கழுத்துக்கு மாலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, லாஸ் வேகாஸ் விமானம் தரையிறங்கிவிட்டது என்று தலைக்கு மேலே பலகையில் எழுத்து மாறியது. அந்த முப்பத்தெட்டாவது கழுத்துக்காரர் நகரவில்லை. ஒரு இதழை நகத்தால் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "இது நிஜப் பூவா?" என்றார். நிஜப் பூதான் சார் என்று சிரித்தேன். நிஜப் பூதான், ஆனால் எங்கள் பூ இல்லை. தாய்லாந்திலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிற ஊதா ஆர்க்கிட். வாசனை கிடையாது. நான் என் ஆயுளில் போன தூரத்தைவிட அது அதிக தூரம் விமானத்தில் வந்திருக்கும். அவர் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்து, மாலையை வைத்து எல்லா ஆண்களும் சொல்கிற அந்த அசிங்கமான ஜோக்கைச் சொன்னார். பத்தொன்பது வருடமாகத் தினம் நாலு தடவை கேட்கிறேன். சொல்கிற ஒவ்வொருத்தனும் தானே கண்டுபிடித்த மாதிரித்தான் சொல்கிறான். அதற்கும் சிரித்தேன். சிரிப்பதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதை மறைக்கிற வேலையில் வந்து மாட்டிக்கொண்டது என் தலையெழுத்து. பூப்போட்ட நீள அங்கி, காதில் பிளாஸ்டிக் பூ, கையில் பெயர்ப்பலகை. "அலோஹா! எங்கள் அழகிய தீவுக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம். உங்கள் விடுமுறை இனிதே அமையட்டும்." இதைச் சொல்லிக்கொண்டே மாலையைத் தலைக்கு மேலே தூக்கித் தோளில் இறக்க இரண்டு நொடி. கூந்தல் கலையக்கூடாது, கண்ணாடி சிக்கக்கூடாது, கன்னத்தோடு கன்னம் வைக்கலாமா என்பதை அவர்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். தூக்கத்தில் எழுப்பினாலும் என் கை அதைச் செய்யும். சாயங்காலம் டாக்ஸி நிற்கிற இடத்தில் குப்பைத் தொட்டியைப் பார்த்தால் காலையில் போட்ட மாலைகளில் பாதி அதில்தான் கிடக்கும், காப்பிக் கோப்பையோடு. நான் பொறுக்கிக்கொண்டு போய் எங்கள் வீட்டு மரத்தடியில் போடுவேன். மாலையைக் குப்பையில் போடுகிறவர்களை எங்களுக்குப் புரிவதேயில்லை.

அன்றைக்குக் குழு நாற்பது பேர். இரண்டு பேர் வரவில்லை. சூப்பர்வைசர் கிளைட் போனைப் பார்த்தபடியே வந்து, "ரெண்டு மாலை மிச்சமா? நீயே வச்சுக்க, உலுலானி. பெட்டிய மட்டும் திருப்பிக் குடுத்துரு" என்று சொல்லிவிட்டுப் போனான். பிளாஸ்டிக் உறைக்குள் வியர்த்துப்போய்க் கிடந்த அந்த இரண்டு மாலையையும் நான் எடுத்துத் தோள்பையில் போட்டுக்கொள்ளவில்லை. உறையைக் கிழித்துக் கையிலேயே வைத்துக்கொண்டேன். வருகிறவர்களும் இரண்டு பேர்தான்.

பக்கத்தில் வேறொரு கம்பெனிப் பலகையோடு நின்ற சேலா அதைப் பார்த்துவிட்டாள். டோங்கா தீவுக்காரி, ஆள் பெரிது, வாய் அதைவிடப் பெரிது. "உன் தங்கச்சி இன்னைக்குத்தானே வர்றா? வீட்டு மாலை எங்க?"

"இதான்."

"அடிப்பாவி. கூடப் பொறந்தவளுக்குக் கம்பெனி மாலையா?"

"ஏன், அவளும் வெளியூர்க்காரிதானே? நல்லாவே பொருந்தும்."

சேலா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "கட்டலையா, கட்ட மனசு வரலையா?"

கட்டத்தான் உட்கார்ந்தேன். விடியும்போதே எழுந்து, பின்பக்கம் அம்மா வைத்த மல்லிகைச் செடியில் மொட்டுப் பறித்தேன். நூற்றைம்பது மொட்டு இருக்கும். நீள ஊசி, நூல், கிண்ணம் எல்லாவற்றையும் சமையலறை மேசையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். பத்து மொட்டு கோப்பதற்குள் தங்கை வைலானாவை மனதுக்குள் திட்ட ஆரம்பித்துவிட்டேன். இருபதாவது மொட்டில் வாய்விட்டே திட்டிக்கொண்டிருந்தேன். மொட்டுகள் காம்போடு பிளந்து போயின. அம்மாவுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு, அதில் மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை: கோபத்தோடு ஊசியைத் தொடாதே. கோக்கிறவள் மனதில் இருக்கிறது பூவில் இறங்கும், போட்டுக்கொள்கிறவள் கழுத்தில் போய் உட்காரும். சண்டை போட்ட நாளில் எங்கள் இருவரையும் பூப் பக்கமே விடமாட்டாள். கோத்ததை உருவிக் கிண்ணத்தில் கொட்டி, ஈரத்துணியால் மூடிவிட்டு வேலைக்கு வந்துவிட்டேன்.

வைலானா என்னைவிட ஆறு வயது சின்னவள். பதினொரு வருடத்துக்கு முன்னால் மகள் நோஹேயாவை இழுத்துக்கொண்டு லாஸ் வேகாஸ் போனாள். நோஹேயாவுக்கு அப்போது ஒன்பது வயது. வைலானாவுக்குச் சூதாட்ட ஹோட்டலில் சீட்டுப் போடுகிற வேலை. போனதை நான் குற்றம் சொல்லவில்லை. வாடகை கட்ட முடியாமல் எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் அந்தப் பாலைவனத்தில்தான் போய்க் கிடக்கிறார்கள். எனக்கும் புத்தி இருந்தால் போயிருப்பேன். நான் சொல்வது அதன் பிறகு நடந்ததை.

அம்மாவின் சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தோடு கட்டிப்போட்ட பிறகு, வருகிறேன் வருகிறேன் என்று வைலானா மூன்று முறை சொன்னாள். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றாள். அம்மா ஊசி போட்டு வீங்கின கையோடு உட்கார்ந்து மல்லிகை கோத்தாள். வரவில்லை. மாலை ஃபிரிட்ஜில் பழுத்தது. அன்னையர் தினத்துக்கு வருகிறேன் என்றாள். இன்னொரு மாலை. அதுவும் பழுத்தது. ஆகஸ்டில் அம்மாவின் பிறந்த நாளுக்குக் கட்டாயம் வருகிறேன் என்றாள். அம்மா, நானும் ஏர்போர்ட்டுக்கு வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். இதோ நான் இப்போது நிற்கிறேனே, இதே இடம். மாலையை இலையில் பொதிந்து மடியில் வைத்திருந்தாள். பெட்டிகள் சுற்றிச் சுற்றி வந்தன, ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் வெறும் பெல்ட் சுற்றியது. அப்போதுதான் போனில் வந்தது: ஷிப்ட் மாற்றிக்கொள்ள முடியவில்லை, மன்னிச்சுக்கோ அம்மா. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "பெல்ட்ட நிறுத்திட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் அந்த மாலையைச் செடிமேலேயே போடச் சொன்னாள். அக்டோபரில் போய்ச் சேர்ந்தாள். அடக்கத்துக்கும் வைலானா வரவில்லை. போனிலேயே சொல்லி ஒரு மலர் வளையம் அனுப்பியிருந்தாள். ஊதா ஆர்க்கிட்.

இரண்டு வருடம் பேச்சில்லை. மூன்று நாள் முன்னால் ஒரு செய்தி: வியாழக்கிழமை வர்றோம், ரெண்டு பேர், நீ எப்படியும் ஏர்போர்ட்டுலதானே இருப்ப. அந்தக் கடைசி வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். எப்படியும் இருப்பேனாம். போட்ட இடத்தில் கிடக்கிற பெட்டி பார், நான்.

நகரும் படிக்கட்டில் அவள் இறங்கி வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். தனியாக வந்தாள். உடம்பு பெருத்திருந்தது. நடை மட்டும் அதே நடை, எதையோ உதைக்கப் போகிற மாதிரி. என்னைப் பார்த்ததும் அவள் முகம் குழைந்து அழுகைக்குத் தயாரானது. கண் என் கைக்கு இறங்கியது. அப்படியே நின்றுவிட்டாள். எங்கள் ஊரில் பிறந்தவளுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கூடப் பிறந்தவள் வந்தால் வீட்டுப் பூ, வீட்டுச் செடி, வீட்டு ஆள் கோத்தது. வாடினாலும் அதுதான். பெட்டியில் வந்ததைப் போடுவது, நீ யாரோ என்று சொல்வது.

நான் வேலைச் சிரிப்பைச் சிரித்தேன். இரண்டு நொடியில் மாலையைத் தூக்கி அவள் தோளில் இறக்கினேன். "அலோஹா! எங்கள் அழகிய தீவுக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம். உங்கள் விடுமுறை இனிதே அமையட்டும்."

அவள் உதடு வெளுத்துவிட்டது. "மறக்காம மனப்பாடமா சொல்றியேக்கா."

"வேலை அது."

"கன்னத்துல கன்னம் வைக்கலையா? அதுவும் வேலைதானே?"

"கேக்கிறவங்களுக்குத்தான்."

ஆசை தீரச் சொல்லிவிட்டேன். இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்தது. சந்தோஷமாக இருக்க வேண்டும், இல்லையா? இல்லை. இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. வைலானா கழுத்தைத் திருப்பி, "நோஹேயா பாத்ரூம் போனா, இதோ வர்றா" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள், கணுக்கால் வரை தொங்குகிற குளிர் ஜாக்கெட்டோடு ஒரு பெரிய பெண் என்னை நோக்கி வந்து, "பெரியம்மா!" என்று கையை விரித்தாள். என் கண்ணெல்லாம் வைலானா மேல்தான். கை தன் வேலையைப் பார்த்தது. இரண்டாவது மாலை தலைக்கு மேலே போய், அவள் முடியைத் தொட்டு, நெற்றிக்கு இறங்கிவிட்டது.

"உலுலானீ! நிறுத்துடீ! வயித்தப் பாரு!"

சேலா போட்ட கூச்சலில் அந்தக் கூடமே திரும்பியது. பார்த்தேன். ஜாக்கெட்டுக்கு நடுவே வயிறு. ஏழு மாதம் இருக்கும்.

வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு மூடின மாலை போடக்கூடாது. கழுத்தைச் சுற்றினால் உள்ளே பிள்ளைக்குக் கொடி சுற்றும். இரண்டு முனையும் திறந்து தொங்குகிறதைத்தான் போட வேண்டும். இது எங்களில் பேசத் தெரிந்த பிள்ளைக்கே தெரியும். பத்தொன்பது வருடமாக ஆயிரக்கணக்கான வெளியூர்க்காரிகளின் வயிற்றைத்தான் நான் முதலில் பார்ப்பேன், முகத்தை அப்புறம்தான். ஒருத்திக்குக்கூடத் தப்பாகப் போட்டதில்லை. என் சொந்தத் தங்கை மகளுக்குப் போய்ப் போட்டேனே!

இழுத்துப் பிடுங்கினேன். முனையை அவிழ்க்க முடிச்சைத் தேடினேன், கிடைக்கவில்லை. கம்பெனி நூல் நைலான். பல்லால் கடித்தேன். நூல் அறுபடவில்லை, என் உதடுதான் கிழிந்தது. பூக்கள் நசுங்கிக் கீழே விழுந்தன. அவள் தலையைத் தொட்ட பூ யார் காலிலும் மிதிபடக்கூடாதே என்று அப்படியே தரையில் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தேன். என் குழுப் பெண்மணி ஒருத்தி போனை நீட்டி என்னைப் படம் பிடித்தாள். ஏதோ சடங்கு என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

"பெரியம்மா, விடுங்க. கழுத்துக்கு வரவே இல்ல. எனக்கு ஒண்ணும் ஆகல" என்றாள் நோஹேயா.

நான் வைலானாவைப் பார்த்துக் கத்தினேன். அந்த இடத்தில் அதுவரை என் குரலை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "ஏண்டி, புள்ளத்தாச்சியக் கூட்டிட்டு வர்றேன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாய்ல இருக்கிற முத்து உதிர்ந்துருமா?"

"சொல்ற மாதிரியா நீ இருந்த? சொன்னா, அம்மா பேரச் சொல்லித் திட்டியிருப்ப."

"திட்டாம? கொஞ்சணுமா?"

கிளைட் ஓடி வந்தான். சேலா அவனைத் தோளோடு திருப்பி அந்தப் பக்கம் கொண்டுபோனாள். நசுங்கின பூக்களை என் அங்கியிலேயே முடிந்துகொண்டு எழுந்தேன்.

காரில் வைலானா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் ஊதா மாலையோடு. அவள் அதைக் கழற்றவில்லை. கொடுத்தவள் கண்ணெதிரே மாலையைக் கழற்றுவது எங்களில் மூஞ்சியில் துப்புவதற்குச் சமம். அவமானப்படுத்தப் போட்டதுதான் என்று தெரிந்தும், முறையை விடாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் கழற்று என்று சொல்லவில்லை. பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

"எப்போ திரும்பிப் போற?"

"ஞாயித்துக்கிழமை. எனக்கு ஷிப்ட் இருக்கு."

"ஷிப்ட்!" ஸ்டியரிங்கைக் கையால் தட்டினேன். "ரெண்டு பேருமா?"

"நான் மட்டும்." மலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பிள்ளை இங்கதான் பொறக்கணும்ங்கிறா. பிள்ளையோட அப்பன் விட்டுட்டுப் போயிட்டான். நான் வேலைக்குப் போனா அவளுக்கு அங்க யாரு இருக்கா? உன்கூட இருக்கட்டும்கா. அம்மா ரூம்ல."

"அம்மாவுக்கு யாரு இருந்தா?"

"நீ இருந்த."

"ஆமா, நான் இருந்தேன். நான்தான் எப்பவும் இருப்பேனே! அம்மாவப் பார்க்கவும் நானு, உன் பிள்ளையப் பார்க்கவும் நானு. நீ வளையம் அனுப்பு."

பின்சீட்டிலிருந்து நோஹேயா எட்டிப் பார்த்தாள். "நான் இங்கதான் இருக்கேன். என்னை வச்சுட்டுப் போறதப் பத்திப் பேசுறீங்கன்னா என்கிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க. பெரியம்மாவுக்கு இஷ்டமில்லைன்னா நானும் ஞாயித்துக்கிழமை கிளம்புறேன். சண்டைய முடிச்சுட்டுச் சொல்லுங்க. இப்ப எனக்குப் பசிக்குது."

வழியில் நிறுத்தி முசுபி வாங்கிக் கொடுத்தேன். ஸ்பாம் டப்பா இறைச்சி வைத்துக் கட்டின சோற்றுக் கட்டிகளை மூன்று கடியில் ஒன்றாக நாலு தின்றாள். அம்மா ரூமை இரண்டு வருடமாக நான் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். அதைத் திறப்பதா வேண்டாமா என்பதுதான் எங்கள் வீடு இருக்கிற வைமானாலோ வரை என் மண்டையில் ஓடியது. திறந்தால் வைலானா ஜெயித்த மாதிரி. திறக்காவிட்டால் இந்தப் பெண் கூட இருந்து பார்க்க ஆளில்லாத ஊரில் போய்ப் பிள்ளை பெற வேண்டும். இரண்டில் எது என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் சொல்லியாக வேண்டும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மல்லிகை வாசனை அடித்தது. காலையில் மூடி வைத்த துணிக்கடியில் மொட்டுகள் வாய் திறக்க ஆரம்பித்திருந்தன. வைலானா மேசையைப் பார்த்தாள், கிண்ணத்தை, ஊசியை, பாதி உருவின நூலை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கட்ட ஆரம்பிச்சியா?"

"முடியல."

"என் மேல அவ்வளவு கோபமா?"

"இப்பவும்தான்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மூணாவது தடவை ஷிப்ட் பிரச்சினை இல்லக்கா. லீவு வாங்கிட்டேன். பெட்டியோட கேட் வரைக்கும் வந்துட்டேன். ஏறல."

"ஏன்?"

"அம்மா எனக்காகத்தான் உயிரப் பிடிச்சுக்கிட்டிருக்கான்னு நீதானே போன்ல சொன்ன? நான் வந்து, அவ மாலை போட்டுட்டான்னா, அதோட முடிஞ்சுரும்னு தோணுச்சு. நான் வராத வரைக்கும் இருப்பான்னு நெனச்சேன்."

"அதுக்கு அழகா ஒரு காரணம் கட்டாத. பயந்தாங்கொள்ளி நீ. அவ ஏர்போர்ட்டுல வெறும் பெல்ட்டப் பார்த்துட்டு உக்காந்திருந்தா, தெரியுமா? அரை மணி நேரம்! நான் பக்கத்துல நின்னேன்!"

"தெரியாது" என்றாள். தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டாள். நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கொடுக்கத் தோன்றவில்லை. சொன்னதைக் கேட்டு மனம் இளகிவிட்டது என்று சொன்னால் பொய். நான் அப்படிச் சொல்லித்தான் இவள் வராமல் போனாளா என்று ஒரு முள் எனக்கும் குத்தியது. அதற்கும் சேர்த்து அவள்மேல்தான் கோபம் வந்தது.

நான் ஊசியை எடுத்து உள்ளே வைக்கப் போனேன். நோஹேயா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "ரெண்டு பேரும் இதத் தொடாதீங்க. பாட்டி சட்டம் எனக்கும் தெரியும். எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல. சாப்பிட்டாச்சு, நல்லா இருக்கேன்." கையைக் கழுவிக்கொண்டு வந்து, வயிறு மேசையில் இடிக்காதபடி சாய்வாக உட்கார்ந்து கோக்க ஆரம்பித்தாள். ஒன்பது வயதில் கிண்ணத்துக்குள் கையை விட்டு மொட்டு எண்ணிக்கொண்டிருந்தவள். மறக்கவில்லை. பிளந்ததைத் தள்ளிவிட்டு, காம்பைக் கிள்ளி, ஒவ்வொன்றாக ஏற்றினாள். நானும் வைலானாவும் தப்புச் செய்த பிள்ளைகள் மாதிரி இரண்டு பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

முனைகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டாள். மூடின மாலை. அப்படியென்றால் அவளுக்கு இல்லை. எழுந்து வந்து என் இரண்டு கையிலும் வைத்தாள்.

"எங்கம்மாவுக்கு. நீங்கதான் போடணும், பெரியம்மா. பாட்டி வீட்டுக்கு வந்துட்டு அவங்க இந்த ஊதாவோட ஏன் உக்காந்திருக்கணும்?"

வைலானா எழுந்து என் எதிரே வந்து நின்றாள். கம்பெனி மாலை அப்போதும் அவள் கழுத்தில்தான் இருந்தது. நான் இருக்கும்போது அவளாக அதைக் கழற்றமாட்டாள், நான்தான் கழற்ற வேண்டும். மெதுவாகத் தலையைத் தாழ்த்தினாள். பிடரியில் நைலான் நூல் உரசி உரசிச் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. காலையிலிருந்து முப்பத்தெட்டுக் கழுத்துக்குத் தானாக எழுந்த என் கை எழவில்லை. மல்லிகை ஈரமாக இருந்தது, கனமாக இருந்தது, அம்மாவின் கையைப் போல மணந்தது. அவள் குனிந்தபடியே நின்றாள்.